பதினாறு

புண்டா அரேனாஸில் காற்றுக்கு விடுப்பே கிடையாது.
மூன்றாம் மாடி ஜன்னலை
இரவெல்லாம் தோளால் முட்டிக்கொண்டிருக்கிறது.
கீழே நீரிணை இருக்க வேண்டும்;
தெரிவது ஒரு கப்பலின் விளக்கு மட்டும்.

யாஸ்னாவின் மேசையில் ஒரு திரை.
திரையில் பன்னிரண்டு பேர்
எண்களாகத் தூங்குகிறார்கள்.

முன்பு நான்கு மணிக்கு ஒரு சுற்று.
நாடியையும் அழுத்தத்தையும் காய்ச்சலையும்
கருவிகள் சொல்லிவிடும்.
மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும்,
நெஞ்சைப் பார்த்தபடி, முழுதாக ஒரு நிமிடம்.
பன்னிரண்டு படுக்கைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
அந்தப் பன்னிரண்டு நிமிடம்
யாரிடமும் இருந்ததில்லை.
ஆகவே எல்லோரும் பதினாறு என்று எழுதினார்கள்.
எதிர் வார்டிலும் பதினாறு.
மூச்சிரைக்க மாடியேறி வந்தவருக்கும் பதினாறு.

என் மொழியில்
மணமக்களை வாழ்த்தும்போது வருகிற எண்.
இழவு வீட்டில்
காரியம் முடிகிற நாளுக்கும் அதே எண்.
இது யாஸ்னாவுக்குத் தெரியாது.

ஏழு வருடம் முன்பு
ஒன்பதாம் படுக்கையில் ஓட்டிலியா இருந்தாள்.
இரண்டு மணிக்கு யாஸ்னா எழுதினாள்: பதினாறு.
ஆறு மணிக்குக் காபி வண்டி வந்தபோது
ஓட்டிலியாவின் கை
குழாய்த் தண்ணீர்போல் இருந்தது.
விசாரணை வந்தது, தாள்களைப் புரட்டியது,
‘இரண்டு மணி வரை சீர்’ என்று மூடிவைத்தது.
ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை.
அதுதான்.

இப்போது நெஞ்சில் ஒரு வில்லை,
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது.
கம்பி கிடையாது.
எலெயோதோரோ நான்குபெல்லுக்கு அதை ஒட்ட
நெஞ்சு முடியை மழிக்க வேண்டியிருந்தது.
நாற்பது வருடம் செம்மறி ரோமம் கத்தரித்தவர்.
“நானாக இருந்தால்
ஒரே இழுப்பில் முடித்திருப்பேன்” என்றார்.
“காதில் தகடும் மாட்டிவிடு,
பட்டியை விட்டு ஓடாமலிருக்க.”

ஓடவும் செய்தார்.
செவ்வாய்க்கிழமை அவருடைய கட்டம் திரையில் சாம்பலாகிவிட,
படி படியாய்த் தாவி இறங்கினாள்.
அலைவரிசை எட்டாத மாடிப்படியின் அடியில்
பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றிருந்தார்.
“செத்துவிட்டேன் என்றதா உன் பெட்டி?”

வியாழன் இரவு. இரண்டு பத்துக்குப் பதினாறு.
இரண்டே முக்காலுக்குப் பத்தொன்பது.
மூன்று ஐந்துக்கு இருபத்தொன்று.
காய்ச்சல் இல்லை. அலாரம் அடிக்கவில்லை;
எல்லையை இருபத்தைந்தில்
யாரோ பகலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எழுந்தாள்.
திரையை நம்பித்தான் எழுந்தாள்,
ஆனாலும் கட்டிலோரம் உட்கார்ந்து
கைக்கடிகாரத்தை விளக்குக்குத் திருப்பி
அவர் நெஞ்சின் மேல் கை வைத்தாள்.
ஏறி இறங்குவது ஒன்று.
ஏறி இறங்குவது இரண்டு.
பதினாறில் நிற்கவில்லை.
பதினாறைத் தாண்டும்போது
அவளுடைய மூச்சு நின்றது, கணக்கு நிற்கவில்லை.

அவர் கண் திறந்தார்.
“பெட்டி பொய் சொல்கிறதா?”
இல்லை என்று தலையசைத்தாள். உதடுகள் அசைந்தன.
இருபத்து நான்கு.

பிறகு தொலைபேசி, வெளிச்சம், தலைகலைந்த மருத்துவர்,
சக்கரங்கள் உரசும் சத்தம்,
நுரையீரல் படத்தில் அடியோரமாக ஒரு வெள்ளை மூட்டம்.

நான்காம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.
கொட்டகையில், என்றார், பேச்சு அறுந்தறுந்து வந்தது,
எங்கள் ஆடுகளை மேலாளரின் ஆள்தான் எண்ணுவான்.
அவன் எண்ணட்டும்.
ஆட்டுக்கு ஒரு கூழாங்கல்
நானும் என் பைக்குள் போட்டுக்கொள்வேன்.
மாலையில் இரண்டும் ஒத்துப்போன நாள் உண்டு.
போகாத நாளில்தான் சண்டை.

அவள் பதில் சொல்லவில்லை.
ஓட்டிலியாவின் பெயரை அவரிடம் சொல்லலாமா என்று
ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

ஞாயிறு விடியற்காலை. திரையில் பதினாறு.
எல்லாக் கட்டங்களும் பச்சை.
நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள்.
காற்று ஜன்னலை முட்டுகிறது.
ஒன்பது.
பத்து.