ஸ்டிக்கருக்கு அடியில்

நாற்பத்தொரு வருடமாய்
தலைமுடி வெளுப்பது என் தொழில்.
மாரிபோரில், திராவா ஆற்றுப் பாலத்திலிருந்து
மூன்றாவது கடை.
தம்பி ஸ்ரெச்கோ அதைக் கொண்டுவந்து
முடி கழுவும் தொட்டியில் கிடத்தியபோது
அடிபட்ட நாய் என்றுதான் நினைத்தேன்,
துண்டில் சுற்றி, அவ்வளவு பதமாய்.

பிரித்தால் கம்ப்யூட்டர்.

எண்பத்தாறில் கிராட்ஸிலிருந்து
சலவைத்தூள் டப்பாவுக்குள் எல்லை தாண்டியது.
சுங்கக்காரர் டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.
மேலே தூவியிருந்த தூள்
அவர் மூக்கில் ஏறித் தும்மவைத்து
எங்களைக் காப்பாற்றியது.
ஒரு வாரம் எந்த விசையைத் தட்டினாலும்
எலுமிச்சை வாசனை.

இப்போது அதன் நிறத்தை என்னவென்று சொல்ல?
மேல்மூடி, தேநீரில் ஊறிய பல்.
ஜன்னல் பக்கம், விடாமல் புகைப்பவனின்
ஆள்காட்டி விரல்.
சுவரோடு ஒட்டி நின்ற பக்கம் மட்டும்
வெயிலறியாத அக்குள்போல் வெளுப்பு.
எழுத்து விசைகள் மாறவேயில்லை,
நீளமான இடைவெளி விசை மட்டும்
மஞ்சள் காமாலை கண்டு கிடக்கிறது.
ஒரே குடும்பம்தான், வேறு பிளாஸ்டிக்.

தீப்பிடிக்காமலிருக்க
உள்ளே ஒரு மருந்து கலந்தார்களாம்,
அதுதான் மஞ்சளாகிறதாம்.
"எரியாதிருக்கக் கொடுத்த விலை" என்றான்.
இரண்டு முறை விவாகரத்தானவன் சொன்னால்
கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"பழைய நிறம் வேண்டும்."
என் நாற்காலியில் உட்காரும் எல்லோரும் சொல்வது.
எந்தப் பழையது என்று கேட்பேன்,
போட்டோ கொண்டுவருவார்கள்.
அவனிடமும் இருந்தது:
எண்பத்தேழு, புத்தாண்டு இரவு,
விசைப்பலகைமேல் குனிந்த அவன் கழுத்து,
பின்னால் நான், வாயில் கொண்டை ஊசிகளோடு.
போட்டோவும் சும்மா இருக்கவில்லை.
பச்சையும் நீலமும் எப்போதோ கிளம்பிப்போய்
சுவர், சட்டை, கம்ப்யூட்டர், நான்,
எல்லாம் இளஞ்சிவப்பு,
காய்ச்சல் கண்டாற்போல.

பால் வெள்ளை என்றான் அவன்.
புறாச் சாம்பல் என்றேன் நான்.
ட்ரையருக்கு அடியிலிருந்த திருமதி ஹெட்விகா
"பழுப்பு" என்று வாக்களித்தார்,
அவர் அதைப் பார்த்ததேயில்லை.

கடைசியில் மூலையிலிருந்த
பனிச்சறுக்குக் கழக ஸ்டிக்கரை
சூடுகாட்டி உரித்தேன்.
அடியில் ஒரு சதுரம்,
மோதிரம் கழற்றிய விரலில் தெரியுமே, அந்தத் தோல்.
பாலும் இல்லை, புறாவும் இல்லை.
மழைக்கு முந்திய ஏரித்தண்ணீர்,
அதில் ஒரு துளி பச்சை.
முப்பத்தெட்டு வருடம் எங்கள் இருவரையும்
பொய்யர்களாக்கியபடி
அங்கேயே இருந்திருக்கிறது.

நாற்பது வால்யூம் க்ரீம், பிரஷ், கையுறை.
நெற்றியில் சாயம் இறங்காமலிருக்கத் தடவும் வாசலினை
அந்தச் சதுரத்தில் மட்டும் தடவினேன்.
அதற்கு எதற்கு வைத்தியம்.
தாளில் சுற்றி பால்கனி வெயிலில் வைத்தோம்.
போஹோர்யே மலையிலிருந்து மேகம் வந்தது,
யோசித்தது, போனது.
மணிக்கொருமுறை திருப்பினோம்.

மாலையில் கழுவினால் வெளுத்திருந்தது,
ஆனால் வரிவரியாய்,
தாள் சுருங்கிய இடமெல்லாம் வரிக்குதிரை.
இன்னொரு தடவை பூசு என்றான்.
முடியென்றால் வளரும், வெட்டிவிடலாம்,
இது வளராது என்றேன்.
பூசினேன்.

இன்று காலை மேசையில் வைத்துப் பார்த்தோம்.
பால் வெள்ளை.
ஜெயித்துவிட்டவனாய்ச் சிரித்தான்.
பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
மூலையைப் பார்த்தான்.
ஏதோ கறை, சதுரமாய், லேசான பச்சையில்.
துணி நுனியில் எச்சில் தொட்டு
தேய்க்க ஆரம்பித்தான்.

சொல்லியிருப்பேன்.
ஹெட்விகாவின் பின்னல் பாதியில் நின்றது,
என் வாயில்
கொண்டை ஊசிகள்.