ஒன்பதாவது தரம்

வவுனியாவில் ஸ்ரூடியோவை மூடிய ஒருவரிடம்
அரைவிலைக்கு வாங்கிய கமரா.
நாற்பத்தோராயிரம் தடவை கண்சிமிட்டியிருக்கிறது
என்று அதன் வயிற்றுக்குள் எழுதியிருந்தது.
அத்தனையும் மணப்பெண்கள், கேக்,
மாமன்மாரின் பட்டுவேட்டி.
மூன்று கலியாணம், ஒரு சாமத்தியவீடு எடுத்தால்
கடன் தீரும் என்று என் கணக்கு.
மழை இரண்டு கலியாணத்தைத் தைமாதத்துக்குத் தள்ளிவிட்டது.

படமெடுக்க நாங்கள் நாலு பேர்,
இரண்டு மோட்டார் சைக்கிள்.
றெஜிபோம் மட்டையை நெஞ்சோடு அணைத்தபடி
நிரோஜன் பின்னால் இருப்பான்.
மாங்குளம் வீதியில் காற்று அவனைப்
பட்டம்போலத் தூக்கப் பார்க்கும்.

ஒட்டுசுட்டானுக்கு இங்கால்
ஒரு காணியில் கேற் மட்டும் நிற்கிறது.
இரண்டு தூண், அங்கங்கே பச்சைப் பெயின்ற்.
பின்னால் வீடில்லை. பக்கத்தில் வேலியில்லை.
காணிக்காரர் கனடாவில்.
எடுக்கலாமா என்று வட்ஸ்அப்பில் கேட்டோம்.
கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.

கதை சின்னது.
ஒரு பெண் வேலையால் வருகிறாள், கேற்றைத் திறக்கிறாள்.
மிச்சத்தை இருட்டுச் சொல்லும் என்று நினைத்தேன்.
முந்தியென்றால் இதற்கு ஜெனரேற்றர் வேணும்,
லொறி வேணும், கொழும்பிலிருந்து ஆள் வேணும்.
இப்போது பொழுதுபட்டு இருபது நிமிடமும்
ஒரு லான்ட்மாஸ்ரரின் முன்விளக்கும் காணும்.
புள்ளிபுள்ளியாய்த்தான் விழும் படம்.
விழட்டும்,
இந்த ஊர் இருட்டிலும் புழுதி இருக்கிறது.

தயாழினி காமென்ற் பஸ்ஸால் இறங்கி
நேரே வந்தாள், சாப்பாட்டுப்பெட்டி கையில்.
நடந்தாள். திறந்தாள்.
திரும்பவும், என்றேன்.

சுருள் ஓடவில்லை, கழுவக் காசில்லை,
திரும்பவும் என்ற சொல் இப்போது இலவசம்.
கை பிந்தியது, திரும்பவும்.
நாய் குறுக்கே வந்தது, திரும்பவும்.
நன்றாகத்தான் இருந்தது,
ஆனாலும் திரும்பவும்.

ஆறாம் தரமாக இருக்கவேணும், அவள் கேட்டாள்:
"லைனிலை சுப்பவைசரும் உதைத்தான் சொல்லுறா.
அங்கை எண்டால் தைச்ச பீஸை எண்ணுவினம்.
இஞ்சை ஆர் அக்கா எண்ணுறது?"

நான் திரையைப் பார்த்தேன்.
பற்றரிக்கு இரண்டு கோடு இருந்தது.
காட்டில் பதினொரு நிமிடம் இருந்தது.
அவளுடைய காலுக்கென்று
அதில் ஒரு கோடும் இல்லை.
அப்படியிருந்தும் இன்னும் இரண்டு தரம் கேட்டேன்.

ஒன்பதாவது தரம்
கொண்டியில் கைவைத்தவள் நின்றாள்.
இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.
"வேலியே இல்லை, நான் ஏன் கேற்றைத் திறக்கிறன்?"
என்று சிரிக்கத் தொடங்கினாள்.
நிரோஜன் சிரித்ததில் மட்டை ஆடியது,
அவள் முகத்தில் வெளிச்சம் ஆடியது.
முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து
லான்ட்மாஸ்ரர்காரர் எஞ்சினை நிற்பாட்டினார்.
பிறகு கறுப்பு.
கறுப்புக்குள் சிரிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரவு, காட் நிரம்பிவிட்டது.
விடிய புதுக்குடியிருப்பில் ஐந்தரைக்கு முகூர்த்தம்.
இன்னொரு காட் வாங்கக் கலியாணக்காசு வரவேணும்,
கலியாணம் எடுக்கக் காட் வேணும்.
அழிக்கவா? என்று கமரா
ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகக் கேட்டது.
ஓம், ஓம், ஓம் என்று அமத்திக்கொண்டு போனேன்.
ஏழாவது திறமானது, அதைத்தான் வைப்பதாக இருந்தேன்.
அப்போது போன் வெளிச்சம் போட்டது:
"அக்கா, நான் சிரிச்சதை அழிச்சுப்போடாதேங்கோ."
இரண்டுக்கும் இடமிருக்கவில்லை.

கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் போட்டார்கள்.
முடிந்ததும் கண்ணாடிபோட்ட ஒருவர் எழும்பி
அந்த இடத்தில் அவள் ஏன் சிரிக்கிறாள் என்றார்.
அது ஒன்பதாவது தரம், என்றேன்.
மொழிபெயர்த்த தம்பி அதை
நீளமாக ஏதோ சொன்னான்.
எல்லோரும் மெதுவாகத் தலையாட்டினார்கள்.

தயாழினிக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.