ஒன்பதாவது தாங்கி

பொத்தானை அமர்த்தினால்
விசிறி கால்சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது.
தும்மல் வரப் பார்த்து
வராமலே போன முகம் மாதிரி.

இரவு பதினொன்று பத்து. சாய்ந்தமருது.
ரோட்டில் கடைசி ஓட்டோவும் போய்விட்டது.
பதினெட்டு மாதச் சீட்டுக் காசு
கறுப்புப் பெட்டியாகி, பக்கக் கண்ணாடி கழன்று
வயிற்றைக் காட்டிக்கொண்டு மேசையில் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள்
நற்பிட்டிமுனைக் கலியாண வீடியோவை
வெட்டி ஒட்டிக் கொடுக்க வேணும்.
மாப்பிள்ளை வீட்டார் நாளுக்கு இரண்டுதரம் போன் எடுக்கிறார்கள்.

முதலில், எல்லாரும் பார்க்கிறதைப் பார்த்தேன்.
சுவர்ச் சுவிட்ச். போட்டிருக்கு.
பவர் சப்ளைக்குப் பின்னால் இன்னொரு சின்னச் சுவிட்ச்.
அதுவும் போட்டிருக்கு.
றேமைக் கழற்றி
மகனின் பென்சில் பெட்டி அழிறப்பரால்
பொன்னிறப் பற்களைத் தேய்த்து
திரும்பக் குத்தினேன். டிக். டிக்.
பொத்தான்.
கால்சுற்று.

றிஸ்மியா டோர்ச் பிடிக்கிறாள்.
காலை ஆறரைக்கு அவளுக்கு அம்பாறை பஸ், கச்சேரி வேலை.
"ஜெசீமா, இது உன்ட மோட்டச்சைக்கிள் இல்ல கா
உதைச்சா எழும்ப."

கொழும்புக் கடைக்காரன் இன்னும் தூங்கவில்லை.
"எட்டுப் பின் வயர் குத்தினீங்களா அக்கா?"
குத்தினேன்.
"பெட்டரியக் கழட்டி அஞ்சு நிமிசம் வைங்க."
வைத்தேன். அந்த ஐந்து நிமிடமும்
போனின் இரண்டு பக்கமும் ஒருவரும் பேசவில்லை.
அவன் பக்கத்தில் ஒரு குழந்தை இருமியது.
போட்டேன். கால்சுற்று.
அப்போதுதான் சொன்னேன்,
பழுதுச் சாமானைத் தலையில் கட்டியிருக்கிறாய் என்று.
பஸ்சில் பார்சல் உருண்டிருக்கும் என்றான்.
உன் கடையிலேயே உருண்டிருக்கும் என்றேன்.
இன்னும் சிலதும் சொன்னேன்.
றிஸ்மியா டோர்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள்.
நிறுத்தினேன்.

பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம்.
மதர்போட் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே
அதைக் கிடத்தினோம்.
அங்கே பொத்தான் இல்லை,
ஸ்குரூடிறைவர் நுனியால் இரண்டு ஊசிகளைத்
தொட்டுவிட வேணும்.
தொட்டேன்.
சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
றிஸ்மியாவின் அல்ஹம்துலில்லாஹ்வில்
பாதி கொட்டாவி.

அப்படியென்றால் சாமானில் பிழை இல்லை.
வெறும் அட்டையில் மூச்சு விடுகிறது,
இரும்பு வீட்டுக்குள் வைத்தால் அடங்கிப் போகிறது.
"இதுல ஒரு கருத்திரிக்கி," என்றாள் றிஸ்மியா.
கருத்து வேண்டாம், டோர்ச்சைப் பிடி என்றேன்.

வெற்றுப் பெட்டிக்குள் அடித்தாள்.
தகரத்தில் நிற்கிற பித்தளைத் தாங்கிகளை எண்ணினேன். ஒன்பது.
மதர்போட்டின் ஓட்டைகளை எண்ணினேன். எட்டு.
திரும்ப எண்ணினேன்.
நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக
ஓட்டையே இல்லாத இடத்தில் ஒன்று
போட்டின் முதுகில் முட்டி
வந்த கரண்டையெல்லாம் தகரத்துக்கு இறக்கிக்கொண்டு
நின்றிருக்கிறது.

அஸருக்குப் பிறகு தனியே இருந்து,
பையில் ஒன்று மிஞ்சுகிறதே,
பெட்டியில் ஒரு துளை சும்மா கிடக்கிறதே என்று
மனம் கேளாமல்
குறடு பிடித்து இறுக்கினது
நான்தான்.
நல்ல இறுக்கம். கழற்ற இருபது நிமிடம்.
குறடு வழுக்கிப் பெருவிரல் தோலும் போனது.

இரண்டே காலுக்குப் பெட்டிக்குள்ளேயே எழும்பியது.
கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளை வரி.
"இப்ப என்ன செல்லுது?"
"எழும்பிட்டன், ஆனா ஒண்டும் தெரியா எண்டு செல்லுது."
"எனக்கும் அப்பிடித்தான்," என்று
செருப்பைத் தேடிக்கொண்டு போனாள்.

கடைக்காரனுக்கு
"பிழை என்னிடம்தான்" என்று எழுதினேன்.
அழித்தேன்.
"சரி வந்துட்டு" என்று அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி. பதில் இல்லை.

தாங்கி யன்னல் கட்டையில் இருக்கிறது,
கொத்தமல்லி விதையை விடக் கொஞ்சம் பெரிசு.
விண்டோஸ் போட்டு வைத்த பென்ட்ரைவைத் தேடுகிறேன்.
லாச்சியில் இல்லை.