பூனை மணல்

செவ்வாய் பத்தரைக்கு வீடு பார்க்க வருகிறோம்
என்று ஏஜெண்டின் கடிதம் வந்த காலையில்
காருக்கடியில் ஒரு சிவப்பு,
குங்குமச் சிமிழ் கவிழ்ந்த அகலம்.
டாண்டினாங்கில் எங்கள் வாடகை முற்றத்துச் சிமெண்டு
எதையும் மறைக்கத் தெரியாத வெளுப்பு.

இரவு, ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்தேன்.
சக்கரம் நிற்கும் இடங்களுக்குப் பேனாவால் கோடு.
விடிந்தபோது
இடது முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் உள்ளே
ஐந்து பொட்டு. ஆறாவது
வரும் வழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இஞ்சின் ஆயில் என்றால் கறுத்திருக்கும்.
ஆனால் இந்தக் கம்பெனிக்காரன்
கூலண்டையும் சிவப்பாகவே ஊற்றி வைத்திருக்கிறான்.
டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன்.
கரையவில்லை.
ரசத்தில் நெய்யாக மேலேயே நின்றது.
கியர்பாக்ஸ்தான்.

தயாபரன் பில்பராவில், இரும்புச் சுரங்கத்தில்.
திரும்ப இன்னும் ஒன்பது நாள்.
"கராஜில் விட்டால் எண்ணூறு கேட்பான்.
போல்ட்டை இறுக்கு, நின்றுவிடும்."
எந்த போல்ட்டை?
"எல்லாத்தையும்."

சனிக்கிழமை, ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து,
ஒருமுறை உலுக்கிப் பார்த்து, அடியில் புகுந்தேன்.
எல்லாமே நனைந்திருந்தது.
ஓடுகிற காற்று ஆயிலைப் பின்னுக்கு இழுத்துப் பூசியிருக்கிறது.
நனைந்ததெல்லாம் ஒழுகியது அல்ல.
துடைத்தேன். பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டேன்.
பிறகு குட்டிக்கூரா பவுடரை ஒற்றி ஒற்றி
கியர்பாக்ஸின் அடித்தட்டு முழுக்க.
என் முகத்துக்கே இவ்வளவு பூசியது
கல்யாணத்தன்று மட்டும்.

நோபல் பார்க் வரை போய்த் திரும்பி
மறுபடி படுத்துப் பார்த்தால்
வெள்ளையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு,
பின்மூலை போல்ட்டிலிருந்து.

போல்ட் தளரவில்லை. அதுதான் சங்கதி.
அசைக்கவே முடியாத இறுக்கம்.
ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து
கேஸ்கட்டின் ரப்பர்
சாண்ட்விச் சட்னியாகப் பிதுங்கிக் கிழிந்திருந்தது.
போன கிறிஸ்மஸ் லீவில் ஃபில்டர் மாற்றியது அவன்தான்.
மூச்சை அடக்கி, நீளமான ஸ்பானரில்.
பாசமாகத்தான் இறுக்கியிருக்கிறான்.

வடித்த ஆயில் பால் பாட்டில்களில்
மூன்றரை லிட்டர். பேனாவால் குறித்தேன்.
தட்டுக்குள் காந்தத்தில் கண்மை மாதிரி ஒரு சாம்பல்;
அது இருக்கலாம், துணுக்குதான் இருக்கக்கூடாது.
குழிந்த விளிம்பைக் கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன்.
பக்கத்து வீட்டு மிலேனா டார்க் ரெஞ்ச் தந்தாள்,
ஒன்றும் கேட்காமல்.
புதுக் கேஸ்கட். பதினெட்டு போல்ட், எதிரெதிராக.
புத்தகம் சொல்கிற அளவு எட்டு.
எட்டு என்றால் ஒன்றுமேயில்லை,
ஊறுகாய் ஜாடியை இதைவிடப் பலமாக மூடுகிறேன்.
டக் என்றது. கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
கொடுக்கவில்லை.

வடிந்த அளவுக்குப் புதிதை ஊற்றி,
இஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்து,
ஒவ்வொரு கியரிலும் ஒரு மூச்சு நிறுத்தி,
சூடேறியதும் குச்சியை உருவிப் பார்த்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே.

"இறுக்கினாயா?" என்றான் போனில்.
இறுக்கினேன் என்றேன்.

கறைக்குப் பூனை மணல் நல்லது என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை.
பூனை பேர் என்ன என்றான் பில் போடுகிற பையன்.
வாய்க்கு வந்தது: ஜெகதாம்பாள்.
கொட்டி, செருப்பால் அரைத்து, பெருக்கி,
மறுபடி கொட்டி.

செவ்வாய், பத்தரை.
கெய்ட்லின் டேப்லெட்டோடு வந்தாள்.
அடுப்பு, ஜன்னல், குளியலறை, டிக், டிக்.
முற்றத்தைப் படம் எடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
ஷெட்டில் பிரிக்காத மூட்டையைப் பார்த்து நின்றாள்.
பூனைக்கு அனுமதி கேட்கவில்லையே நீங்கள்?

பூனை இல்லை என்றேன்.
என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள்.
பிறகு மெல்லக் குனிந்து
காருக்கடியில் பார்த்தாள்.
நானும் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

அட்டை காய்ந்து கிடந்தது.
அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.