விழு என்றேன்

தீப்பிடித்தவனை ஓடச் சொல்வது
தீயேதான்.
அதற்குக் காற்று வேண்டும்.

தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஆறாம் நாள்.
போன வாரம் ஆள் பார்க்காமல் நனைத்த வாளிகள்
மோல்மேன் தெரு நெடுக
கவிழ்ந்து காய்ந்து கிடந்தன.
பேஜோ சட்டிக்கடியில் கரியைத் தள்ளக் குனிந்தார்
வைரக்கண்ணு முதலாளி.
கைலியின் ஓரம் பற்றியது.
யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார்,
பிறகு ஓடினார்,

ஒரு கை கைலி முடிச்சில்.

எரிகிற துணியை
அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிற மனிதனை
அன்றுதான் பார்த்தேன்.
ஓர் இழுப்பு போதும், காலடியில் கிடந்திருக்கும்.
ஆனால் எதிரே பூக்காரிகள்,
பிச்சைக் கலத்தோடு பிக்குகள்,
கடன் சொல்லிச் சாப்பிட்ட பாதி ஊர்.

விழு என்றேன்.
பதினோரு வருடத்தில்
அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல்முறை.
காதில் விழவில்லை.
மாவுக் கையோடு பின்னால் ஓடி
முழங்கால் மடிப்பில் ஓர் உதை விட்டேன்.

மூஞ்சியைப் பொத்து. பொத்தினார்.
உருள். உருளத் தெரியவில்லை.
மீன் தண்ணீர், வெற்றிலைத் துப்பல்
எல்லாவற்றின் மேலும்
நானே உருட்டினேன், அரிசி மூட்டையைப்போல.
நைலான் விரிப்பை நீட்டிய பையனிடம்
சாக்கு, சணல் சாக்கு என்று கத்தினேன்.
வாளியோடு சட்டியை நோக்கிப் போனவனை
என்ன திட்டினேனோ, நினைவில்லை.
எண்ணெய்க்கு மூடி போதும்.
தண்ணீர் இவருக்கடா.

மா கின் தனகா அரைத்து வந்தாள், குளிர்ச்சியாம்.
உன் கன்னத்துக்கு வைத்துக்கொள் என்றேன்.
பற்பசை வந்தது, ஐஸ் வந்தது,
வந்த வழியே போயின.
பள்ளிவாசல் குழாயடியில் காலை நீட்டி
இருபது நிமிடம்.
பாங்கு சொல்லி முடித்தும் குழாயை மூடவில்லை.
தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல்
சுற்றிலும் கத்தரித்துவிட்டு
ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினேன்.

கால் ஆறிவிட்டது.
என்னோடு நேர்ப்பேச்சு இன்னும் இல்லை.
சம்பளம் பையன் கையில் வருகிறது,
ஒரு சாட் கூடக் குறையாமல்.
தீயை மன்னித்துவிட்டார்,
தெருவில் விழவைத்தவளை முடியவில்லை.

நேற்று அடுப்படியில் குனிந்தபோது கவனித்தேன்.
கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தார்.
முடிச்சு,
ஓர் இழுப்புக்கு அவிழ்கிற மாதிரி.