கூடும்

வால்திவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
ஆய்வகத்து ஹீட்டரின் மேல் காலுறைகள் காய்கின்றன.
ரயேன் தட்டச்சு செய்தாள்:
இந்த ஆற்றுக் கடற்சிங்கங்கள் எதைத் தின்கின்றன?

முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளை
நான்கு நிமிடத்தில் மென்று
பத்தி பத்தியாகத் துப்பியது கருவி.
ஏழாம் அடிக்குறிப்பில் அவள் பெயர்.

“சால்மனே முதன்மை உணவு என
கொலிபான் நிறுவியுள்ளார்.”

நிறுவினேனா?

முதுகலை ஆய்வேட்டைத் தேடி எடுத்தாள்.
பக்கம் அறுபத்து நான்கு:
முதன்மை உணவாக இருக்கக் கூடும்.

அந்தக் கடைசிச் சொல்லை எழுத
மீன்சந்தைப் படித்துறையில்
இரண்டு குளிர்காலம் சாணம் அள்ளியிருந்தாள்.
மின்வெட்டில் உருகிப்போன பதினோரு மாதிரிகள்
அதற்குள்தான் கிடந்தன;
எந்த மீனுடையதென்று
யாராலும் சொல்ல முடியாமல்
சல்லடையில் மிஞ்சிய செவிக்கல் ஒன்றும்.

“விடு, உனக்குச் சாதகம்தானே”
என்றான் நிக்கனோர், மாத்தே உறிஞ்சியபடி.
வியாழக்கிழமை உதவித்தொகைக் குழு கூடும்.
கூடும் என்பவர்களுக்கு அது
பணம் கொடுத்ததாக நினைவில்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை,
என்று கருவிக்கு எழுதினாள்.
“நீங்கள் சொல்வது சரி. மன்னிக்கவும்.
சால்மன் முதன்மை உணவு அல்ல” என்றது,
அதே உறுதியோடு.

நிக்கனோர் சிரித்துக் குடிபானம் சிந்தினான்.
அவளுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

பிறகு எழுந்து போய்
குளிர்ப்பெட்டியின் பிளக்கை அழுத்திப் பார்த்துவிட்டு
விண்ணப்பத்தின் மூன்றாம் வரிக்குத் திரும்பினாள்.