எட்டாவது மச்சாது

மூக்கையூர் மீனவர் சங்கத்தில்
மானிய டீசல் கணக்கு எழுதுகிறவன் நான்.
பேரேட்டில் நாலு அந்தோணி மச்சாது.
ஒருவன் டீசல் இன்னொருவனுக்குப் போகாதிருக்க
பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருப்பேன்:
நெட்டை. ஓட்டைப்பல். சாயல்குடியில் பெண்ணெடுத்தவன்.
நாலாமவன் நான். எனக்குக் குறிப்பில்லை.

கச்சான் அடித்து வள்ளங்கள் கரையேறிக் கிடந்த மாதத்தில்
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பணம் கட்டி
முப்பத்தொரு பக்கம் நகலெடுத்து வந்தேன்.
முதல் சண்டைக்கு, பஸ்ரா ஆற்றில்
படகு ஓட்டப் போனவர்கள்.
எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், என்ன ஆனார்.
கடைசிக் கட்டம் குறுகல்.
காய்ச்சல் என்பது கொள்ளும். மூழ்கினார் கொள்ளும்.
அதற்குமேல் இடமில்லை.

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்:
மசாடோ, மச்சடூ, முச்சாடு,
ஓரிடத்தில் எம். சாது.
பஸ் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.
எங்களில் எவன் சாது?

அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
வரிசை நகர வேண்டும், வெயில் ஏறுகிறது,
எதிரில் நிற்பவன் வெற்றிலையோடு பேசுகிறான்.
எனக்குத் தெரியும் அந்த அவசரம்.

பெயரே எங்களுக்கு எழுதிக் கொடுத்ததுதானே.
கரையில் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிய அன்று
ஞானத்தகப்பனாக நின்ற யாரோ கப்பல்காரன்
தன் பெயரை ஊருக்கே பங்கு வைத்துவிட்டுப் போனான்.
மீன் பங்கு வைப்பது போல, கூறு கூறாக.
அதனால் ரத்தம் என்று சொல்ல முடியாது.
பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஐந்நூறு வருடம்,
ரத்தம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஏழு பேரைத் தேடிப் பிடித்தேன்.
பஸ்தியான் திரும்பி வந்து
சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கிறான்.
கயித்தான் என் தாத்தாவுக்கு அண்ணன் என்றார்கள்,
தேதி ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.
சந்தியாகு இரண்டு முறை செத்திருக்கிறான்,
ஒரு பக்கத்தில் மார்ச், ஒரு பக்கத்தில் ஜூன்.
ஜூனையே வைத்துக்கொண்டேன்.
மூன்று மாதம் கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டாமவன்:
2217. காசிம். எம். தகப்பன் நெய்னா. வேதாளை. மூழ்கினார்.
காசிமிர் என்பதைச் சுருக்கிவிட்டார் என்று நினைத்தேன்.
எம் என்றால் எங்களுக்கு வேறென்ன?
நெய்னா, அப்பனை வீட்டில் கூப்பிடுவது.
வேதாளையிலும் எங்களவர் ஒரு காலத்தில் இருந்தார்கள்தானே.
ஓட்டைகள் எல்லாம் அடைந்துவிட்டன.
கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்களுக்கு ஏற்றும்போது
கல்லறை இல்லாத அவனுக்குக் கடலோர மணலில்
தகர டின் மறைத்து ஒரு மெழுகுதிரி.
இரண்டு வருடம்.

டீசல் பாக்கி கேட்டு வேதாளைக்குப் போன இடத்தில்
நண்டுக் கம்பெனியில் எடை போடும் ஜொகரா
தராசு சரியா என்று பார்க்க
கறுத்த வட்டத் தகடு ஒன்றைத் தட்டில் வைத்தார்.
"முப்பத்திரண்டு கிராம். மாறவே மாறாது.
வாப்பாவோட பெரிய வாப்பாவுக்குச் சர்க்கார் அனுப்புனது.
காசிம் மரைக்காயர். பஸராவுல மவுத்தானவரு."

விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
இரண்டு, இரண்டு, ஒன்று. ஏழு பாதி தேய்ந்திருந்தது.

சொல்லாமல் வந்திருக்கலாம்.
சொன்னேன், மெழுகுதிரி, தகர டின், எல்லாம்.
அவர் நண்டின் கொடுக்கில் ரப்பர் மாட்டிக்கொண்டே இருந்தார்.
ஒரு கூடை முடிந்தது.
"ரெண்டு வருசமா?" என்றார்.
"வாப்பா மவுத்தாகியும் ரெண்டு வருசம்தான் ஆகுது.
அதுக்கப்புறம் அவருக்கு யாரும் ஓதல."
அடுத்த கூடையை இழுத்தார்.

ராத்திரி பட்டியலைப் பிரித்து
அழிரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
பிறகு பென்சிலை எடுத்து
காசிமுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
முப்பத்திரண்டு கிராம்.

வேதாளை பாக்கி இன்னும் வரவில்லை.
கேட்கத்தான் போக வேண்டும்.